இதைக் கொண்டு திற

மசினகுடி ரேஞ்ச் ஆபீசில்
என் வேலை எண்ணுவது.
கேத்தன் காட்டுக்குள் போய்
மரத்தில் கட்டிய கேமராக்களைத் திறந்து
மெமரி கார்டுகளை உருவி
மூக்குப்பொடி டப்பாவில் போட்டுக் கொண்டுவருவார்.
நான் படம் படமாகத் தட்டி
மான் ஒன்று, மான் ஒன்று, காட்டெருமை நான்கு,
விறகெடுக்க வந்த பெண் ஒருத்தி.
அதை எழுத வேண்டாம் என்றார் ரேஞ்சர்.

எந்தப் படத்தைத் தட்டினாலும்
பெயிண்டில்தான் திறக்கும்.
புலிக்கு மேலே தூரிகை,
பக்கத்தில் சாயவாளி,
இருபது நிறக் கட்டங்கள்,
என்னமோ நான்தான் அதற்கு
வரி போட்டு அனுப்ப வேண்டும் என்பதுபோல.
மவுஸ் கொஞ்சம் நழுவினால் ஒரு புள்ளி விழும்.
மூடும்போது கேட்கும்:
மாற்றங்களைச் சேமிக்கவா?

மார்கழிக் காலையொன்றில் விறைத்த விரல்
ஆம் என்றுவிட்டது.
இருபத்து மூன்றாம் கேமராவின் சிறுத்தை
விலாவில் ஒரு புள்ளி கூடுதலாகச் சுமந்து
கோப்புக்குள் திரிகிறது.
மேலிடம் போன பட்டியலில்
அது வேறொரு சிறுத்தை.

எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவர்
தூனேரி பெள்ளி.
காதோ வாலோ தெரியும் இடத்தில்
சிவப்பு வட்டம் போட்டு வைப்பாராம்,
வருகிறவர் தேட வேண்டாமே என்று.
குன்னூருக்கு மாற்றலானபோது
ஸ்வெட்டரை எடுத்துப் போனார்,
பழக்கத்தை இயந்திரத்தில் விட்டுப் போனார்.
முன்குடித்தனக்காரன் அடித்த ஆணியில்
சட்டை மாட்டுவதுபோல
எட்டு மாதம் இருந்தேன்.

போன செவ்வாய் மழை.
ஜீப் வரவில்லை, கார்டும் இல்லை.
சும்மா இருந்த கை
ஒரு படத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தியது.
பண்புகள்.
இதைக் கொண்டு திற: பெயிண்ட்.
அதன் பக்கத்திலேயே, அரை அங்குலத்தில்,
மாற்று என்றொரு பொத்தான்.
எட்டு மாதமாக அங்கேயேதான் இருந்திருக்கிறது.

மாற்றினேன். போட்டோ வியூவர். சரி.
அடைவில் இருந்த அத்தனை ஐகான்களும்
ஒரே சமயத்தில் முகம் திருப்பின.

கேமரா ஒரு அசைவுக்கு
மூன்று படம் எடுக்கும், இன்னும் அசைந்தால் இன்னும் மூன்று.
பெயிண்டில் ஒவ்வொன்றும் தனியாக வந்து
தனியாகச் செத்தது.
இப்போது வலது அம்பைத் தட்டினேன்,
தாய் யானை ஒரு காலைத் தூக்கியது.
தட்டினேன், வைத்தது.
கன்று உண்ணிச்செடிக்குள் துதிக்கையை விட்டது,
எடுத்தது, தாயின் வயிற்றடியில் புகுந்தது,
வால் மட்டும் மீதி.
இடது அம்பு.
வால் பின்வாங்கி
கன்று முழுதாக வெளியே வந்தது.
திரும்பவும் வலது.
திரும்பவும் இடது.
இருபதாயிரம் விலங்கு எண்ணியவள் நான்,
ஒன்றுகூட நடந்து பார்த்ததில்லை.

விறகெடுத்தவளையும் திறந்தேன்.
முதல் படத்தில் கேமராவைக் காண்கிறாள்.
அடுத்ததில் முந்தானை முகத்துக்கு ஏறுகிறது.
மூன்றாவதில்
கட்டு தரையில் கிடக்கிறது,
அவள் இல்லை.
எத்தனை தட்டியும் அதற்குப் பிறகு படம் இல்லை.

ஜேபெக் மட்டும்தான் மாறியிருக்கிறது.
பிஎன்ஜி இன்னும் பெள்ளியின் வசம்.
ஒரே ஒரு பிஎன்ஜிதான் உண்டு, வனச்சரக வரைபடம்.
தட்டினால் பெயிண்ட் வந்து நிற்கிறது
மாயாற்றங்கரையில் பாதி போட்ட
சிவப்பு வட்டத்தோடு.
மாற்று பொத்தான்வரை போய்த் திரும்பினேன்.
இருக்கட்டும்.
அப்டேட் காத்திருப்பதாக மூலையில் அறிவிப்பு வேறு,
நாளைக்கே எல்லாம் பழையபடி ஆகலாம்.
ஆனால் என்ன,
வழி தெரியும்.

மறுநாள் கேத்தன் நனைந்து வந்தார்.
உட்காரவைத்துக் காட்டினேன்,
பாருங்கள், நடக்கிறது.
குனிந்து பார்த்தார்.
என்னையும் பார்த்தார்.
'நடக்காமெ?' என்றார்.

டப்பாவை மேசையில் வைத்தார்.
பதினோரு கார்டு.
ஒன்றில் எறும்பு.